தங்கப் பல்லியும் அத்தையின் முழங்கையும்

அத்தையின் சுண்டுவிரலைக் கிள்ளினால் அவளுக்குத் தெரியாது. அதை எனக்குக் கிடைத்த விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள், நான் கிள்ளுவேன்.

"எந்த விரல் அத்தை?"

"நீ இன்னும் கிள்ளவே இல்லியே பாப்பா."

நான் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள், சற்றுத் தாமதமாக.

அப்பாவின் தங்கை அவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், பழைய இழை முனையோடு புது இழை முனையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்குவாள். ஆயிரக்கணக்கான இழைகள். முழங்கைகள் மடங்கி, தறிக்கட்டையில் ஊன்றியே கிடக்கும், பகல் முழுக்க. வலது முழங்கையின் உள்பக்கம் கட்டை பதிந்து கறுத்திருக்கும். அங்கே எண்ணெய் தடவிவிடுவது என் வேலை.

அந்த வருஷம் அவள் முறுக்கியவை பிரியத் தொடங்கின.

"மனசை எங்க வெச்சிக்கினு உக்கார்ற?" என்றார் அப்பா. இன்னொரு முறை பிரிந்தால் வேறு ஆளை வைப்பாராம். அந்த வேலையைத் தவிர எங்கள் வீட்டில் அத்தைக்கென்று எதுவும் இல்லை.

அம்மாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "ஆடியில அந்தக் கை மேல பல்லி விழுந்துச்சில்ல? அதான். போய்த் தொட்டுட்டு வா."

சின்ன காஞ்சிபுரம் பெருமாள் கோயிலில், மேற்கூரையில் தங்கப் பல்லி. தொட்டால் தோஷம் போகும். நானும் கூடப் போனேன். வரிசையில் பின்னாலிருந்து தள்ளினார்கள். அத்தை கையை நீட்டி, அந்த மரத்த விரல்களாலேயே தொடப்பார்த்தாள்.

"பட்டுச்சா பாப்பா? எனக்குத் தெரியல."

விரலுக்கும் பல்லிக்கும் ஓர் இழை இடைவெளி இருந்தது. எனக்குப் பசி.

"பட்டுச்சி அத்தை."

வீடு திரும்பும்போது, "விரல்ல எறும்பு ஊருது" என்று தெருவிலேயே அழுதாள், சந்தோஷத்தில். மறுநாள் கட்டையில் முழங்கையை ஊன்றினாள். பொங்கலுக்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே வளைந்து நின்றுவிட்டன. வேறு ஆள் வந்து உட்கார்ந்தாள். என் பொய்தான் அந்தக் கையைத் தின்றது என்று யாரிடமும் சொல்லாமல் வளர்ந்தேன்.

போன மாதம் என் சுண்டுவிரல் மரத்தது. மேசையில் முழங்கை ஊன்றி எழுதுகிறவள் நான். டாக்டர் முழங்கையின் உள்பக்கம் தட்டினார். விரல்நுனி வரை சுரீரென்று ஓடியது. "இங்கதான் நரம்பு நசுங்குதும்மா. கையை மடக்கி ஊனாதீங்க."

அவ்வளவுதானா?

அன்று எறும்பு ஊர்ந்தது பல்லியால் அல்ல. ஒரு பகல் முழுக்க அவள் கையை மடக்கிக் கட்டையில் ஊன்றாததால். அந்தக் கறுத்த இடத்தில்தான் தினமும் எண்ணெய் தடவினேன். தடவி முடித்ததும், அவள் கையை நானே மடக்கிக் கட்டைமேல் வைத்துவிடுவேன், பத்திரமாக.