தரைக்குக் கீழே எத்தனை மீட்டர்

இரும்பு நாடாவின் நுனியில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அதைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்க வேண்டும். நுனியில் கட்டிய ஈயக்குண்டு தண்ணீருக்குள் போனதும் கை லேசாகும். மேலே சுருட்டி எடுத்தால் வெள்ளைப் பூச்சில் நனைந்த பாகம் மட்டும் சாம்பல் நிறமாகியிருக்கும். உள்ளே இறக்கிய நாடாவின் நீளத்திலிருந்து அந்த நனைந்த பாகத்தையும், கிணற்றின் கைப்பிடிச் சுவர் உயரத்தையும் கழித்தால் வருவதுதான் நீர்மட்டம். முதல் தடவை நான் இதைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கிணற்றுக்கார அக்கா, சாம்பல் நிறமான இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் முகம் சுருங்குவதற்குள் சிரித்துவிட்டார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மழை தொடர்ந்து பொய்த்த வருடங்கள் அவை. நிலத்தடி நீரைக் கணக்கெடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து நான் காவிரிப் பக்கத்திலிருந்து விருதுநகர் வந்திருந்தேன். பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். மாவட்டத்தில் குறித்து வைத்திருந்த சில கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அக்காவின் கிணறு ஆமத்தூரிலிருந்து உள்ளே நடக்க வேண்டிய ஒரு சிற்றூரில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கருவேல மரங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடந்தால் ஊர் வரும். காலை பத்து மணிக்குப் போனால் ஊரில் ஆளே இருக்காது. ஆண்களும் பெண்களும் பட்டாசு, தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கு விடிந்ததும் கிளம்பிப் போயிருப்பார்கள். பூட்டிய கதவுகள், வெயில், கோழிகள். கிணற்றை ஒட்டிய காரை வீட்டில் அக்கா மட்டும் இருப்பார்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து ஆறேழு வருடம். பிள்ளைகள் இல்லை. நிலமுள்ள குடும்பம். கணவரின் தம்பி விருதுநகரில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டார், வீட்டுக்கு வேண்டியதை அனுப்பி வைத்தார். ஊர்ப் பெண்களோடு வேலைக்குப் போகலாமே என்று ஒருநாள் கேட்டேன். "எங்க வீட்டுப் பொம்பளைக பட்டாசுக்குப் போறதான்னு கொழுந்தனாரு குதிப்பாக. போறவளுக எல்லாரும் எங்க வயல்ல களை எடுத்தவளுக. இப்ப அவளுகளுக்கு ஒருத்திக்கொருத்தி பேச்சுத்துணை இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றார். குறைப்பட்டுச் சொல்லவில்லை. வெயில் ஏறுகிறது என்பதுபோலச் சொன்னார்.

முதல் மாதம் நீர்மட்டம் நாலு புள்ளி ஆறு மீட்டர். அடுத்த மாதம் ஐந்து புள்ளி இரண்டு. நான் எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதியதைக் கேட்டதும் அக்கா கையைத் தட்டினார். "ஏறியிருக்கே!" என்று உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இறங்கியிருக்கிறது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் பிறந்த ஊர் ஆனைக்குட்டம். அங்கே அணை கட்டியதிலிருந்து, பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் சுவரில் எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துப் பழகியவர். அங்கே நீர்மட்டம் அடியிலிருந்து மேலே எண்ணப்படுவது. எண் கூடினால் ஊரே சந்தோஷப்படும். எங்கள் பதிவேட்டிலோ நீர்மட்டம் என்பது தரையிலிருந்து கீழே எண்ணப்படுவது. எண் கூடக்கூடத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இதை அவருக்கு விளக்கினேன். "அப்ப நாங்க சிரிக்கிற நம்பருக்கு நீங்க அழுவீக. ஒரே பேருதான?" என்றார். அலுவலகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு, கடல் மட்டத்திலிருந்து எண்ணுவது, என்று சொன்னேன். "கடலு வேறயா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

காப்பிக்குப் பிறகு எனக்கு அங்கே வேலை எதுவும் இருக்காது. ஆனாலும் மதிய பஸ் வரை இருப்பேன். அவர் முறுக்குச் சுடுவார், நான் தின்றுகொண்டே என் விடுதிக் கதைகளைச் சொல்வேன். "ஒரு நா ஆபீசுக்கு மட்டம் போட்டுட்டு வாயேன். சாயந்தரம் வரைக்கும் இருக்கலாம்" என்பார். ஒருமுறைகூட அப்படிப் போகவில்லை. ஆனால் மாதத்தின் மற்ற நாட்களில் நான் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது ஒத்துக்கொள்கிறேன். விடுதியில் என் அறையில் இருந்தவள் நர்ஸ். அவள் வரும்போது நான் போயிருப்பேன். பேசாமலேயே சில வாரங்கள் கழிந்ததுண்டு.

இரண்டாவது கோடையில் கிணற்றின் அடிப்பாறை தெரிய ஆரம்பித்தது. ராட்டினத்துக்கு நேர் கீழே பாறையில் ஒரு குழி, அதில் மட்டும் தண்ணீர் கிடந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டே யோசிக்காமல் ஒன்றைச் சொன்னேன். அடுத்த மாதம் இதுவும் வற்றிவிட்டால் பதிவேட்டில் 'வறண்டது' என்று எழுதுவேன், தொடர்ந்து அப்படியே இருந்தால் இந்தக் கிணற்றை விட்டுவிட்டு ரோட்டோரம் ஆழமாகக் குழாய் இறக்கி அதில் அளக்கச் சொல்வார்கள், என்றேன்.

"அப்ப நீ இங்கன வரமாட்டியா?"

"ரோட்டோட போயிருவேன்க்கா. இங்க வரத் தேவை இருக்காது."

அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த மாதம் குழியில் தண்ணீர் இருந்தது. பன்னிரண்டு புள்ளி மூன்று. அதற்கடுத்த மாதமும் அதே எண். நான்கு மாதம் அதே எண். போகிற வழியில் இருந்த மற்ற கிணறுகளில் பாறை வெடித்துக் காய்ந்து கிடந்ததை நான் பார்க்கத்தான் செய்தேன். இந்த ஒரு கிணற்றில் மட்டும் எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அந்தக் கோடையில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட வேண்டிய ஊர்களின் பட்டியல் தயாரானது. எங்கள் எண்களையும் பார்த்துத்தான் அதைத் தயாரித்தார்கள். மட்டம் இறங்காமல் நிற்கிற ஊர் என்று அக்காவின் ஊரைப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். அதே வாரத்தில், அக்காவின் கிணற்றிலிருந்து பரிசோதனைக்கு நான் எடுத்துப் போயிருந்த தண்ணீரின் முடிவும் வந்தது. அந்தக் கிணறு எப்போதும் உவர்ப்பு. இப்போது உப்பே இல்லை. ஆபீசர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கெணத்துத் தண்ணியே இல்லம்மா. குழாய்த் தண்ணி. எங்க புடிச்ச?" என்று கேட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வழக்கமான நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போனேன். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு அக்கா வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். மறைக்க முயலவில்லை. நடந்து வந்து, கைப்பிடிச் சுவரில் குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் கீழே பாறையில் விழும் சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டதுபோல் இருந்தது.

"எத்தனை குடம்க்கா?"

"ஒவ்வொரு மாசமும் நீ வாரதுக்கு முன்னாடி முப்பதுக்கு மேல ஆவும். எல்லாரும் வேலைக்குப் போன பெறகுதான் புடிப்பேன். நூலு மாதிரி வரும். நின்னுக்கிட்டே இருந்தா பொழுதும் போயிரும்."

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"என்ன பண்ணிட்டேன்? நீ மட்டம் பாக்க வர. கெணத்துல தண்ணி கெடந்தா மட்டம் இருக்கு. இல்லன்னா இல்ல. நான் தண்ணி கெடக்கிற மாதிரி பாத்துக்கிட்டேன். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

நீர்மட்டம் என்று நாங்கள் சொல்வது இந்தக் கிணற்றுக்குள் கிடக்கும் தண்ணீரை அல்ல, ஊர் முழுக்க நிலத்துக்கு அடியில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை, கிணறு அதை எட்டிப் பார்க்கிற ஒரு ஓட்டை மட்டும்தான், என்று சொன்னேன். பட்டியலைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக ராவிடியல்ல எந்திரிச்சுக் கொடத்தோட வரிசையில நிக்காளுக. நாலு கொடம் புடிச்சு வச்சுட்டுத்தான் வேலைக்கு ஓடுறாளுக. அவளுகளுக்கு வர வேண்டிய தண்ணிய நான் நிப்பாட்டிட்டனா?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நீயாச்சும் கேட்டிருக்கலாம்லா. படிச்ச புள்ளதான நீ."

அன்று அவர் காப்பி போடவில்லை. நானும் பஸ்ஸுக்கு முன்னதாகவே கிளம்பினேன். அடுத்த நாள் ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சந்தேகம் வந்தும் விசாரிக்காமல் பதிந்தேன் என்று அதில் ஒரு வரி இருந்தது. அவர் கத்தினார், பிறகு அமைதியானார். நான்கு மாத எண்களையும் சிவப்பு மையில் அடித்து 'வறண்டது' என்று நானே எழுதினேன். ஊர் பட்டியலில் மேலே போனது. தீபாவளிக்கு முன்பு அங்கே ஆழ்துளைக் கிணறு வந்தது என்று கேள்விப்பட்டேன். அக்காவின் கிணறு எங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ரோட்டோரம் குழாய் இறக்கினார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி, அளந்து, அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அதற்கு இருபது நிமிடம் போதும்.

மறு வருடம் ஒரு நாள் காலை, ஆமத்தூர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஒரு பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். ஜன்னலோரத்தில் அக்கா. அவர்தான் முதலில் கூப்பிட்டார்.

"ஏ தாயி! நல்லாருக்கியா?"

"அக்கா, வேலைக்கா போறீங்க?"

"நாலு மாசமாச்சு. பொட்டணம் போடுற வேல. கெணத்துக் கதைய நானே எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நா வஞ்சாளுக. அப்பறம் இவதான் கூட்டிட்டு வந்தா" என்று பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டினார்.

"கொழுந்தனார் ஒண்ணும் சொல்லலையா?"

"பேச்சு வார்த்தை இல்ல. முன்னாடி மட்டும் தெனமும் வந்து பேசிக்கிட்டா இருந்தாக?"

வேனுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் கேட்டார்: "இப்ப எங்கன அளக்க?"

"ரோட்டுக் குழாயிலக்கா."

"அங்கன யாரு இருப்பா?"

"யாரும் இல்லக்கா."

அவர் என்னையே பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. வீட்டுலதான் இருப்பேன். வா, என்ன?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. பேச்சுச் சத்தம் திருப்பம் வரை கேட்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு விடுதி வாசல் வரை வந்தேன். என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது என்று யோசித்துக்கொண்டே நின்றுவிட்டு அறைக்குத் திரும்பினேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கையில் ஒரு வேலை இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.