மருந்தில் சேராத மாத்திரை

என் மனைவிக்கு வாய் காயத் தொடங்கி இரண்டு வருடம் இருக்கும். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துத்தான் சோற்றை விழுங்கினாள். கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுத்தாயிற்று, மூன்றாவதும் ஆடியது. சர்க்கரை இல்லை, தைராய்டு இல்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு நாள் லீவு போனது. களைப்புதான் மிஞ்சியது.

புதிய பல் டாக்டர் மதுரைப் பெண். "வேற மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களாக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

முந்தைய டாக்டர்களிடமும் இதையேதான் சொன்னோம். பொய் இல்லை. எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போகும் கப்பலில் ஒருமுறை மூன்று நாளும் வாந்தி எடுத்தவள் அவள். அதன்பின், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தமுக்கு வேலைக்குப் போகும் சின்னப் படகுக்கும் கப்பல் மாத்திரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டுக்கொண்டாள். ஒன்பது வருடம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. டிக்கெட் எடுப்பதுபோல அதுவும் ஒன்று.

படகுக்கு நேரமாகிறதென்று, டாக்டர் எதிரிலேயே மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கினாள்.

"அது என்னக்கா?"

"கப்பல் மாத்திரை."

"அப்ப இது மாத்திரை இல்லையா?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நம் விருப்பத்தில் அடங்காத நரம்புகள் சேதி கொண்டுவருகின்றன. இந்த மாத்திரை அதை மறிக்கிறது. சேதி வருவது நீரைத் திறந்துவிட மட்டுமல்ல. சுரப்பியின் செல்லுக்குள் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எச்சிலில் எந்தப் புரதம் எவ்வளவு சேர வேண்டும் என்பதையும் அதுவே மாற்றுகிறது. மரபணு அப்படியேதான் இருக்கும். நெடுநாள் சேதி வராவிட்டால் அதன் வேலை குறையும், சுரப்பியும் சுருங்கலாம்.

"திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"வரலாம். தேதி கேக்காதீங்க சார். எச்சில் வரலேன்னா மிச்சப் பல்லைக் காப்பாத்தறது கஷ்டம்."

மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். வாய் அப்படியே காய்ந்துதான் கிடந்தது. திங்கட்கிழமை படகில் நானும் ஏறினேன். பாதி வழியில் அவள் முகம் வெளுத்தது. தினமும் உடன் வரும் ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அரே பாபி, தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கு. உங்களுக்கு மட்டும் எங்க அடிக்குது தூஃபான்?"

"தள்ளி நில்லுங்க பாய், உங்க சட்டைக்குத்தான் வரப்போகுது."

பிறகு என் கையைப் பிடித்தாள். "என்னங்க, வாய்ல தண்ணி ஊறுது."

வாந்திக்கு முன் ஊறும் நீர். அதற்கும் அந்த நரம்புதான் உத்தரவு தர வேண்டும்; சேதி மறுபடி வருகிறது. அவள் அதை உடனே துப்பவில்லை. கன்னம் உப்ப, கண்ணை மூடிச் சற்று நேரம் வைத்திருந்தாள். அப்புறம் படகுக் கம்பிக்கு வெளியே வாந்தி எடுக்கக் குனிந்தாள்.