டிப்ளமோக்காரன்

எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். என் அறைத்தோழன் மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் வீட்டிலும் அவன்தான் முதல் பட்டதாரி. ஆனால் வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

விடுதியில் யாருடைய மின்விசிறி நின்றாலும் பிரித்து, செம்புக் கம்பியால் காயில் சுற்றிக் கொடுப்பான். அதனால் அந்தப் பெயர். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் பிரிவில் இடம் இருந்தும் எலக்ட்ரிகலையே கேட்டு வாங்கினான்.

"மோட்டார் செய்ற கம்பெனிக்குத்தான்டா போவேன். நீங்க ஏசில உக்காந்து பொட்டி தட்டுங்க."

எங்கள் கல்லூரியில் ஒரு விதி. ஒரு கம்பெனியில் தேர்வாகிவிட்டால் அடுத்ததில் உட்கார முடியாது. முதலில் வந்தது மென்பொருள் கம்பெனி. மோட்டார் நேர்காணலில் வேண்டுமென்றே உளறிவிட்டு வந்தான். நான் ஒழுங்காகப் பதில் சொல்லி உள்ளே போனேன். அவன் காத்திருந்த கம்பெனி கடைசியாக வந்தது. இந்த வருடம் பட்டதாரிகள் வேண்டாம், டிப்ளமோ போதும், சம்பளம் பாதிதான் ஆகும் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனது.

ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தான். பிறகு பட்டத்தை மறைத்து, டிப்ளமோ சான்றிதழோடு அதே கம்பெனி வாசலில் போய் நின்றான்.

"நடுவுல இத்தன வருஷம் என்ன பண்ணே?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ஊர்ல மாடு மேய்ச்சேன் சார்."

காயில் சுற்றும் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்தது.

சென்ற மாதம் அவன் அப்பா வந்தார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். பட்டமளிப்பு விழாவில் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, எழுப்பிவிடப்பட்டவர். இளைய மகளை எந்தப் பிரிவில் சேர்த்தால் நல்ல சம்பளம் என்று மகனிடம் கேட்க வந்திருந்தார். அறையில் இருங்கள் என்றேன். கேட்கவில்லை, கம்பெனிக்கே கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

"யாரப் பாக்கணும் பெரியவரே?" என்றார் காவலாளி.

"இங்க இன்ஜினியரா இருக்கானே, என் பையன். காலேஜ் படிச்சவன்."

அவர் மகன் பெயரைச் சொல்லவும், பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் திரும்பினார். மோட்டாரைக் கூப்பிட்டனுப்பினார். கையெல்லாம் வார்னிஷோடு வந்தான்.

"டிகிரி முடிச்சிருக்கியாமே. அப்படின்னா வச்சுக்க முடியாதுப்பா. நாளைக்கே நல்ல எடம் கெடச்சா ஓடிருவீங்க."

மோட்டார் அப்பாவைப் பார்க்காமல் பேசினான். "சேர்ந்தேன் சார். முடிக்கல. வீட்ல சொல்லல."

சூப்பர்வைசர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியாங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பய சொன்னான், நானும் நம்பிட்டேன்."

"நல்ல பிள்ளைய பெத்தீங்க, போங்க" என்று சிரித்தார் சூப்பர்வைசர். மோட்டாரைப் பார்த்து, உள்ளே போ என்று தலையை ஆட்டினார். அவன் உள்ளே போய்விட்டான்.

அவன் அப்பாவைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"தம்பி, ஒங்க ஆபீஸ்லயாவது படிச்சத வெளிய சொல்லிக்கலாமா?"

"சொல்லிக்கலாம்ப்பா."

"அப்ப சின்னவள கம்ப்யூட்டர்லயே சேத்துர்றேன்."