தொலைக்காட்சியில் நடந்த அப்பா

வள்ளத்தில் ஏறுவதற்கு முன் அப்பா செருப்பைக் கழற்றி இடது கமக்கட்டுக்குள் வைத்து இறுக்கிக்கொள்வார். அக்கரையில், காரைநகரில் இறங்கியதும் உடனே போடமாட்டார். கால் காயவேண்டும். உப்புத் தண்ணீர் ஊறிய காலைத் தோல் செருப்புக்குள் நுழைத்தால் அந்தச் செருப்பு அடுத்த மழைக்காலத்தைக் காணாது என்பது எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கால் காயும்வரை இடது கை அசையாது. வலது கையை மட்டும் வீசி வீசி நடப்பார். அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஒற்றைக் கை வீச்சுத்தான். கனவில் வந்தாலும் அப்படித்தான் வருவார். கடல் பால்போல வெளுத்துக் கிடக்கும், ஒரு சத்தமும் இராது, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.

கரம்பொன்னில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. காயவைத்துக் கட்டிய புகையிலையை அப்பா தானே வள்ளத்தில் கொண்டுபோய் அக்கரை வியாபாரிகளிடம் கொடுத்துவருவார். அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். லீவில் ஊருக்கு வந்தால் எங்கள் குசினி வாசலில் நின்றபடி ஊரில் உள்ள அத்தனை பேரையும் நடித்துக்காட்டுவார். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்குவது, சங்கக்கடை மனேச்சர் மூக்குப்பொடி போடுவது, ஒன்றையும் விடமாட்டார். அம்மா அடுப்பில் இருப்பதை மறந்து கண்ணில் நீர் வரச் சிரிப்பார். தம்பி என்றால் அம்மாவுக்கு உயிர். மாமாவுக்குத் தொலைக்காட்சி நாடகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்த கிழமை, அம்மா கிணற்றடியில் கண்டவர் நின்றவர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. சவூதியிலிருந்து மகன் கொண்டுவந்தது. ஞாயிறு பின்னேரம் அதை முற்றத்து மேசையில் தூக்கி வைத்து, கார் பற்றரியில் வயரைக் கொழுவுவார்கள். அன்ரெனாவைப் பனையில் கட்டியிருந்தார்கள். கடற்காற்று அதைத் திருப்பிவிட்டால் படம் முழுக்கப் பொரிபொரியாகிவிடும், அந்தப் பொரிக்குள் ஆட்கள் மிதந்து திரிவார்கள். எனக்கு அது பெரிய மயக்கம். கொழும்பில் இருக்கும் மாமா அந்தப் பொரியைத் தாண்டிக் கடலுக்கு மேலாக எங்களிடம் வரப்போகிறார் என்று நம்பிக் காத்துக்கொண்டிருந்தேன்.

நாடகம் ஒரு பட்டினத்துக் குடும்பத்தைப் பற்றியது. அந்தக் காலத்து நாடகங்களில் சிரிப்பு வேண்டுமென்றால் அதற்கென்று சில ஆட்களை நேர்ந்துவிட்டிருந்தார்கள். கறுத்த பெண் ஒருத்தி பொட்டு வைத்தால் சிரிப்பு. மலைநாட்டிலிருந்து வந்த வேலைக்காரி வாய் திறந்தால் சிரிப்பு. பேச்சில் கொன்னை தட்டுகிறவர், குண்டு மாமி, இரண்டு பெண் பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தலையில் கை வைக்கும் தகப்பன். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. நல்ல பண்பான நாடகம் என்றுதான் ஊரில் சொன்னார்கள். மாமா நடித்தது அந்த வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் விருந்தாளி. அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ‘தீவான்’, தீவுக்காரன், அவ்வளவுதான். தீவான் ஈயாப்பத்தி, ஒரு சதமும் விடாத கஞ்சன். தீவான் கருவாட்டுப் பொட்டலத்தோடு வருவான். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு எல்லாச் சாமானுக்கும் விலை கேட்பான். தேத்தண்ணிக்கு வைத்த சீனியில் கொஞ்சத்தை மடியில் கட்டிக்கொள்வான். பட்டினத்தவர்கள் எங்களைப் பற்றிச் சந்தையிலும் பேருந்திலும் சொல்லிச் சிரித்ததெல்லாம் அப்படியே அந்தப் பெட்டிக்குள் வந்திருந்தது.

முதல் காட்சியில் தீவான் படலையைத் திறந்துகொண்டு வந்தான். செருப்பு இடது கமக்கட்டுக்குள். வலது கை மட்டும் வீசுகிறது. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, எதைச் சுருட்டலாம் என்று பார்க்கிறவன்போல ஒரு பார்வை. தேய்ந்துபோகும் என்று செருப்பைப் போடாமல் கொண்டு திரிகிறானாம். நாடகத்துக்குள் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். முற்றத்தில் இருந்த எல்லாத் தலைகளும் அப்பாவின் பக்கம் திரும்பின. அதன்பின் வந்த சிரிப்பு பெட்டியில் வந்ததைவிடப் பெரியது. எல்லாரும் தீவார்தான், எல்லாரும் வள்ளத்தில் செருப்பைக் கழற்றுகிறவர்கள்தான், ஆனால் ஒருவரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். “நல்லாத்தான் செய்யிறான்” என்றார். அம்மா எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பின் இறங்குதுறையில் இளந்தாரிகள் செருப்பைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். அக்கரையில் புகையிலை நிறுக்கிறவரே, “என்ன தீவார், சீனி வேணுமோ?” என்று கேட்டாராம். அப்பா வள்ளத்திலும் செருப்போடு போய்வந்தார். செருப்பு உப்பில் வெடித்தது. வேறு வாங்கினார். அதுவும் வெடித்தது. கடைசியில் புகையிலையை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் தோட்டத்தோடே நின்றுவிட்டார். ஒரு மனிதனுடைய நடையைப் பிடுங்குவது அவ்வளவு லேசான வேலையாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரந்தான் வருகிறது.

அடுத்த லீவில் மாமா சேலைப் பொட்டலத்தோடு வந்து படலையில் நின்றார். அம்மா திறக்கவில்லை. “என்ரை மனுசனை வித்துக் கைதட்டு வாங்கினவன். அவன்ரை கதை இந்த வீட்டிலை வேண்டாம்” என்று உள்ளே இருந்தபடியே சொன்னார். அப்பா, “அவன் சின்னப் பெடியன், விடுமப்பா” என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா விடவில்லை. பொட்டலம் இரண்டு நாள் படலையில் தொங்கியது. மூன்றாம் நாள் அதை ஆர் எடுத்தார்களோ தெரியாது. பிறகு நாட்டில் சண்டை வந்தது, தீவை விட்டு வெளிக்கிட்டோம், வன்னியில் ஒரு கொட்டிலில் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பாதை பூட்டியிருந்தபடியால் மாமாவால் வரமுடியவில்லை. வந்திருந்தாலும் அம்மா முகம் கொடுத்திருக்கமாட்டார்.

திரும்பிவந்து இப்போது கரம்பொன்னில்தான் இருக்கிறோம். வீட்டைப் புதிதாகக் கட்டினோம். கலியாணப் படம் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் அப்பா விறைத்துப்போய் நிற்கிறார், படம் எடுக்கிறவருக்குப் பயந்த மாப்பிள்ளை. போன மாதம் என் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் கைப்பேசியை நீட்டினாள். “அம்மா, இந்தப் பழைய நாடகத்தை யூரியூப்பிலை ஆரோ போட்டிருக்கினம். பாருங்கோ. தீவு ஆக்கள் எண்டால் கள்ளரே? இதை எப்பிடிக் காட்டினவை? எடுக்கச் சொல்லி நாங்கள் எழுதப்போறம்.” அவள் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் காலத்தில் அந்த நாடகத்தின்மேல் ஒருவருக்கும் வராத கோபம். கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். படலை திறந்தது. பொரிபொரியான வெளிச்சத்துக்குள் வலது கையை வீசிக்கொண்டு அப்பா வந்தார். நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அது உன் அம்மப்பா என்று மகளுக்குச் சொன்னேன்.

மாமாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் வருசத்துக்கு ஒருதரம் எடுக்கிறனான். அவருக்கும் விசயம் தெரிந்திருந்தது.

“அவங்கள் தீவான் ஒருத்தன் வேணும் எண்டாங்கள், பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச தீவான் அத்தான்தான்.”

“நீங்களும் தீவான்தானே மாமா.”

“ஓம். கந்தோரிலை என்னை அப்பிடித்தான் கூப்பிடுறவங்கள். நடிச்சுக் காட்டின பிறகு கூப்பிடேல்லை. அவங்களோடை சேந்து சிரிக்கிற ஆளாய்ப் போனன்.” பிறகு, “அக்காவை ஒருக்காப் பாக்கவேணும். எனக்கும் ஏலாமல் வருகுது. கேட்டுப் பாரன்” என்றார்.

கேட்பதற்கு எனக்குப் பயமாக இருந்தது. நாடகத்தைக் காட்டினால் ஆறிய புண்ணைக் கிளறியதாகிவிடும். காட்டாமல் மாமாவைப் பற்றிக் கதைத்தால் கதை படலையோடு முடிந்துவிடும். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, மாமாவும் அதற்குக் கிட்ட வந்துவிட்டார். இந்த முறை விட்டால் இருவரும் ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகாத ஆட்களாகத்தான் போவார்கள். இரண்டு நாள் இதே யோசனையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா முற்றத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா இலை ஆய்வதை நிறுத்தவில்லை. கடைசி நெட்டையும் ஆய்ந்து முடித்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, “கொண்டா” என்றார்.

கைப்பேசியை எட்டப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கூட்டச் சிரிப்பு வந்ததும் முகம் சுருங்கியது. “உந்தச் சிரிப்பை நிப்பாட்டு.” நான் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். சத்தமில்லாத வெளிச்சத்துக்குள் அந்த உருவம் கையை வீசி நடந்தது. அம்மா, “திருப்பிப் போடு” என்றார். போட்டேன். “திருப்பிப் போடு.” வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்கி, முற்றம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகும்வரை நான் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஒருதரம் அம்மா, கைவிரலால் கண்ணாடியில் அந்தக் கையைத் தொட்டார். படம் நின்றுவிட்டது. பதறிப்போய், “நான் ஒண்டும் செய்யேல்லை” என்றார்.

எழும்பும்போதுதான் சொன்னார்: “அவனை வரச் சொல்லு.”

மாமா அடுத்த கிழமையே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டோ பிடித்து வந்து, பொல்லை ஊன்றிக்கொண்டு படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரச்சொல்லி யாராவது கூப்பிடவேண்டுமென்று காத்திருந்தார் போலும். நான் படலையைத் திறந்துவிட்டேன். அம்மா முற்றத்துக் கதிரையில் இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. தம்பியைக் கால் முதல் தலைவரை பார்த்தார்.

“நட” என்றார்.

“என்னக்கா?”

“அவரை மாதிரி நட. கிணத்தடி மட்டும்.”

மாமா என்னைப் பார்த்தார். பொல்லை என்னிடம் தந்தார். மெதுவாகக் குனிந்து செருப்பைக் கழற்றி இடது கமக்கட்டுக்குள் வைத்தார். நடந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆனால் கை அதே கை. நாலைந்து அடி போனதும் பழைய பழக்கத்தில் கழுத்து தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

“நில்.” அம்மாவின் குரல் உயரவில்லை. “அவர் அங்கை இஞ்சை பாக்கிற ஆளில்லை. நேர பாத்துத்தான் நடக்கிறவர். திரும்பப் போய் வா.”

மாமா படலைவரை திரும்பிப் போனார். அங்கே நின்று மூச்சு வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிறகு தலையை நிமிர்த்தி, எங்களையும் பார்க்காமல், வீட்டையும் பார்க்காமல், நேர பார்த்தபடி முற்றத்தைக் கடந்து வந்தார்.

அம்மா கதிரையை விட்டு எழுந்து நின்றார். “ஓம்” என்றார். “இப்பிடித்தான் வாறவர்.”