சம்பந்திக்கு முன்னால் போக ஒரு கார்பன் ஹேண்டில்பார்

ஞாயிறு காலை ஐந்தே முக்கால், பதினோரு சைக்கிள், கடைசி சைக்கிளில் ஞானசேகரன். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் கடை வாசலில் வாரம் தவறாமல் இதுதான் காட்சி. சைக்கிள் பாகம் விற்பவன் ஒன்றைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறான்: வாடிக்கையாளரிடம் வண்டியின் எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், அவருடைய எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

செருப்புக் கடையோ செல்போன் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று, "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே நாக்கு வறண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான் பல வருஷம் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதியவன். அதை விட்டதும் என் மனைவியின் தம்பி முருகவேல், தன் சைக்கிள் கடைக் கல்லாவில் என்னை உட்கார வைத்தான். ரிப்பேர் அவன் பொறுப்பு. பேச்சு என் பொறுப்பு.

அந்தப் பதினோரு பேரும் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மிதித்துப் போய், கீழவீதியில் ஓர் ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிடுவார்கள். பஞ்சர், செயின் அறுந்தது என்றால் பார்க்க முருகவேல் ஸ்கூட்டரில் பின்னால் போவான். விதி ஒன்றே ஒன்று: கடைசியாக வருபவர் எல்லோருடைய பில்லையும் கொடுக்க வேண்டும். வாரா வாரம் கொடுத்தவர் ஞானசேகரன். பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர் அவர், பில் அவருக்குப் பெரிதில்லை. எப்போதும் அவருக்குப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு முதுகுதான் பெரிது. அது அவருடைய சம்பந்தி காளியபெருமாளின் முதுகு. ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். ஞானசேகரனின் ஒரே மகளை இவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. மாஸ்டர் ஓட்டியது இரும்பு ஹேண்டில்பார் வைத்த மலிவு வண்டி. நினைத்தால் அவர் மற்றவர்களோடு முன்னால் போய்விடலாம். ஆனால் மரியாதைக்காகச் சம்பந்தியோடு பின்தங்கி வருவார். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்து, "முட்டிய உள்ள வெச்சி மிதிங்க சம்பந்தி" என்பார்.

முழுசும் உடைசலும்

ஞானசேகரன் முதலில் கேட்டது கார்பன் ஹேண்டில்பார். நான் உள்ளதைச் சொன்னேன். "அலுமினியத்துக்கும் இதுக்கும் எடையில் ஒரு கைப்பிடி முந்திரி அளவுதான் வித்தியாசம் சார். விலை வித்தியாசத்தில் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு முந்திரி வாங்கலாம்."

உள்ளே டயர் கழற்றிக்கொண்டிருந்த முருகவேல் தலையை நீட்டினான். "மாமா, நீங்க யாவாரம் பண்ண வந்தீங்களா, பேட்டி எடுக்க வந்தீங்களா?"

ஞானசேகரன் இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கார்பனை ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார், தொழில் பழக்கம். பிறகு கார்பனைக் கவுண்டரில் வைத்துவிட்டு அலுமினியத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "எங்க தொழில்ல முழுசுன்னு ஒண்ணு, உடைசல்னு ஒண்ணு. பாயசத்துல போட்டு மென்னுட்டா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சம்பந்தி வூட்டுக்கு வந்தா தட்டுல உடைசலயா சார் வெப்பீங்க?"

கட்டிப்போட்ட கால்

கார்பன் ஹேண்டில்பாரோடு போன முதல் வாரமும் அவர்தான் கடைசி. குறை பெடலில் இருக்கிறது என்று முடிவு செய்தார். பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ ஒன்று உண்டு. மிதிக்கும்போது மட்டுமல்ல, காலைத் தூக்கும்போதும் வண்டி போகும் என்பது கம்பெனிக்காரர்கள் கூற்று. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுகொள்ளும். கடை வாசலில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பல தடவை கழற்றிப் பழகினார். கம்பம் இருந்தவரை பிரச்சினை இல்லை.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மாஸ்டர் ஒரு காலை ஊன்றி நின்றார். ஞானசேகரனும் அவர் பக்கத்தில் நின்றார், அதாவது நிற்க முயன்றார். கால் வரவில்லை. வண்டியோடு, கம்பீரம் குறையாமல், மெல்லச் சாய்ந்து மாஸ்டர் மேல் விழுந்தார். மாஸ்டர் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோ மேல் விழுந்தார். தரையில் கிடந்த ஞானசேகரனின் இரண்டு காலும் இன்னும் பெடலிலேயே இருந்தன. ஆட்டோவில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு மாஸ்டரை முறைத்தார். "வயசானவர எதுக்குய்யா சைக்கிள்ல கட்டி ஓட்டிக்கினு வர?"

வருஷத்துக்கு மூன்று புதுசு

மலிவு பாகங்களின் பெருமையைச் சொல்ல வேண்டுமென்றால் மாஸ்டரின் செயினைச் சொல்ல வேண்டும். கிள்ளையில் அவருடைய அக்கா வீடு. உப்பங்கழிக்குப் பக்கம். அங்கே போனால் சைக்கிளை வெளியே சாத்திவிட்டு இரண்டு நாள் தங்குவார். திரும்பும்போது செயின் காராச்சேவு நிறத்துக்கு வந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து ஓட்டுவார். அடுத்த தடவை முறுக்கு மாதிரி ஒடியும். உடனே எங்கள் கடைக்கு வந்து, இருப்பதிலேயே விலை குறைந்த செயினைக் கேட்பார்.

மூன்றாவது தடவை வந்தபோது, துரு ஏறாத பூச்சுப் போட்ட செயினை எடுத்துக் காட்டினேன். வாங்கிய இரண்டோடு இன்றைக்கு வாங்கப்போவதையும் சேர்த்தால் இதன் விலையைத் தாண்டிவிடும், இது கடல் காற்றுக்கும் தாங்கும் என்றேன். விலை அதிகமான பாகத்தை நான் மனசாட்சியோடு சிபாரிசு செய்த ஒரே சமயம் அதுதான். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மக்குப் பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நான் வருஷத்துக்கு மூணு தடவ புது செயின் ஓட்டறேன். ஒங்க செயின வாங்குனா வருஷம் பூரா பழசத்தான சார் ஓட்டணும்?"

பெண் வீடு, பையன் வீடு

அடுத்து ஞானசேகரன் டிஸ்க் பிரேக்குக்கு வந்தார். சக்கரத்தின் நடுவில் ஓட்டை போட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரு தகடு சுற்றும். பிரேக்கைப் பிடித்தால் இரண்டு பக்கமும் பேட் என்கிற சின்னக் கட்டைகள் வந்து அந்தத் தகட்டைக் கவ்வும். நல்ல சாமான்தான், மழையிலும் நிற்கும். ஆனால் அதை மாட்ட முன்பக்க ஃபோர்க்கிலிருந்து சக்கரம் வரை மாற்ற வேண்டும். கிட்டத்தட்ட இன்னொரு வண்டி.

"சார், முன்னால போகணும்னு ஆசைப்படுறவருக்கு நிக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டேன்.

"நிக்கும்னு தெரிஞ்சாத்தான தைரியமா மிதிக்க முடியும்" என்றார். அது நியாயமான பதில். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கல்யாணத்தில் பந்தியில் அப்பளம் நமுத்துப் போனதற்கு இவர் மாஸ்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை சட்டை அளவு சரியில்லை என்று மறுபடி நின்றாராம். "மாஸ்டர் ரொம்ப நல்ல மனுஷன் சார். ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல. ஆனா பேரன் காதுகுத்துக்குக்கூட அவுங்க உக்காந்த பெறகுதான் நாங்க உக்காந்தோம்."

முருகவேல் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பழைய பழக்கத்தில், "அப்ப சைக்கிள்ல ஜெயிச்சா என்ன மாறும்?" என்று கேட்டேன். ஞானசேகரன் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் மாறாது சார். ஆனா ரோட்டுல பொண்ணு வூடு, பையன் வூடு கெடையாது இல்ல? அங்கயும் அவரு முதுகயே பாத்துக்கினு போறதுன்னா எப்பிடி?"

தட்டுக்குச் சந்தனம்

டிஸ்க் பிரேக் மாட்டியும் இரண்டு மாதம் அவர்தான் பில் கொடுத்தார். ஆயுத பூஜை வந்தது. பண்ருட்டி முந்திரிக் கிடங்கில் தராசு, தையல் மெஷின், லாரி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். முதலாளியின் சைக்கிள் என்பதால் அதற்குக் கூடுதல் கவனிப்பு. கிடங்கில் வேலை செய்யும் பெண்கள் தகட்டைப் பார்த்தார்கள். வெள்ளித் தட்டு மாதிரி இருக்கிறதே என்று நல்லெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கினார்கள். பிறகு சுற்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம், இரண்டு பக்கமும். பிரேக் பேட்டுக்கு எண்ணெய் ஆகாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. சந்தனத்தைப் பற்றி எழுதவில்லை. செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கு ஆயுத பூஜை தெரியாது.

அந்த ஞாயிறு நடந்ததை ஸ்கூட்டரில் பின்னால் போன முருகவேல் சொல்லித்தான் தெரியும். வெள்ளாற்றுப் பாலம் வரை வழக்கம்போல மாஸ்டர் முன்னால், இவர் பத்தடி பின்னால். பாலத்தின் இறக்கத்தில் ஞானசேகரன் அன்றைக்கு முதல் தடவையாகப் பிரேக்கைப் பிடித்தார். வண்டி வேகம்தான் எடுத்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "சம்பந்தீ!" என்று ஒரு கத்தல். மாஸ்டர் பதறி ஓரம் கட்டினார். ஞானசேகரன் அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

போன வேகத்தில் பயம் தெளிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் பின்னால். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டரின் முகத்தை அந்தக் கோணத்தில் அவர் பார்த்ததே இல்லை. குனிந்தார், முட்டியை உள்ளே வைத்தார், மிதித்தார். சிதம்பரம் வரை நிறுத்தவில்லை. ஓட்டல் வாசலில் நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை, கடந்து போய்விட்டார். பஸ்களுக்கு நடுவே திரும்பத் தைரியம் இல்லாமல் நேராகப் போய், தேர் போகிற வழியில் நான்கு வீதியையும் சுற்றி வந்தார். ஓட்டல் வாசலில் நின்ற ஒன்பது பேரும் வெற்றி வலம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். இரண்டாவது தடவை வந்தபோது ஷூவைத் தரையில் தேய்த்து நின்றார். அதற்குள் மாஸ்டர் வந்து சேர்ந்திருந்தார். ஓட்டல் வாசலை முதலில் தாண்டியவர் சம்பந்திதான் என்பதால், அன்றைக்குப் பில் கொடுக்கப் பையன் வீட்டார் முதல் முறையாகச் சட்டைப் பையில் கை விட்டார்கள்.

மறுநாள் ஞானசேகரன் வண்டியைக் கொண்டுவந்தார். முருகவேல் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேட் முழுக்கச் சந்தனமும் எண்ணெயும் ஊறிப்போயிருப்பதைக் காட்டினான். உயிரோடு வந்ததே பெரிது, பேட்டை மாற்றாமல் வண்டியைத் தரமாட்டேன் என்றான். ஞானசேகரன் தலையாட்டினார். அவன் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சார், பின்னால இருக்கற பிரேக்க மட்டும் அப்பிடியே வுட்டுடச் சொல்லுங்களேன்."

ஒரு கிரேடு மேல

முருகவேல் விடவில்லை, இரண்டையும் மாற்றினான். பிரேக் பிடித்தது. ஆனால் ஞானசேகரன் பழையபடி ஆகவில்லை. முன்னால் ரோடு காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டவர் அவர். வார நாட்களிலும் விடிவதற்கு முன்பே செம்மண்டலத்திலிருந்து கிளம்பிப் பண்ருட்டிக்குச் சைக்கிளிலேயே போக ஆரம்பித்தார். கடையில் புதிதாக எதையும் வாங்கவில்லை. வியாபாரத்துக்கு அது நல்ல அறிகுறி இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் மாஸ்டர் தனியாகக் கடைக்கு வந்தார். செயின் கேட்பார் என்று எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, பாலத்தில் சம்பந்தி அவரைத் தாண்டிய அன்று அந்த வண்டியில் என்னென்ன இருந்தது என்று கேட்டார். எனக்குத் தர்மசங்கடம். உண்மையைச் சொன்னால் அன்று பாலத்தில் கிடைத்த வெற்றியில் பாதி நல்லெண்ணெய்க்குப் போய்விடும். சொல்லாவிட்டால் இவர் பணம் போகும். முருகவேலைப் பார்த்தேன். "என்ன மாமா, பேட்டி எடுக்கலியா?" என்றான்.

கடைசியில், "மாஸ்டர், ஒங்க காலுக்கு இதெல்லாம் தேவையில்ல" என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட. மாஸ்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மாணவர்களை வரிசையில் நிறுத்தும் குரல் வந்தது. "சம்பந்தி போட்டிருக்கறதவிட ஒரு கிரேடு மேல எடுங்க சார். நாங்க பையன் வூடு இல்லீங்களா?"

அதனால், விலை அதிகமான பாகம் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன், யாருக்கு முன்னால் ஓட்டப் போகிறீர்கள் என்று.

தை மாதம் இரண்டாம் ஞாயிறு, பிரேக்குகள் எல்லாம் சரியாக இருந்த நிலையில், சிதம்பரத்தில் கொத்சு பில்லைக் கொடுத்தவர் மாஸ்டர் காளியபெருமாள்.