அக்காவிடம் சொல்லாமல்

எங்கள் நாய்க்குப் பதினான்கு வயதானபோது இதயம் பழுதாகிவிட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தபடியே தூங்கும். தலை சாய்ந்ததும் திடுக்கிட்டு விழிக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டது நானோ என் கணவரோ அல்ல; சிங்கப்பூரில் எங்கள் ஆங் மோ கியோ வீட்டில் தங்கி வேலை செய்த அக்கா. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பதினொரு வருடமாக எங்களோடு இருந்தார். மாத்திரையை ஈரல் துண்டுக்குள் ஒளித்து ஊட்டுவதும், மணிக்கொருமுறை ஒன்றுக்கு விட நாயைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்குவதும் அவர்தான்.

இனி மருந்தைக் கூட்டிப் பயனில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, சமையலறையில் பேச்செடுத்தேன்.

"ஊசி போட்டுரலாமான்னு கேக்குறாங்கக்கா."

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "வேணாம்மா. நம்மள நம்பிக் கெடக்குற உயிரு. தானா போகட்டும்."

அதற்குப் பிறகு அவரிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்குள்தான் பேசினோம்.

"சொன்னா அழுவாங்க, விடமாட்டாங்க. சண்டே அவங்க ஆஃப் டே லா, அன்னைக்கு முடிச்சிடலாம்" என்றார் கணவர். நானும் சரி என்றேன். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிறு காலை அக்கா புடவை மாற்றிக்கொண்டு ஃபேரர் பார்க் பக்கம் கோயிலுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டியவர் மறுபடி உள்ளே வந்து, நாயின் நெற்றியில் கை வைத்து, "சாயங்காலம் வந்துடறேன்டா" என்றார். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை நான் அசையவில்லை.

கிளினிக்கில் மருத்துவர் கேட்டார். வீட்டில் வேறு யாராவது கடைசியாகப் பார்க்க வேண்டுமா, வேண்டுமென்றால் காத்திருக்கலாம் என்று. நான் இல்லை என்று தலையாட்டினேன். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் ஊசியில் அது மயங்கியது. எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அது காலை நீட்டிப் படுத்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்தபோது நாங்கள் செய்தது சரிதான் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என் குற்றம் அதில் இல்லை.

சாயங்காலம் அக்கா தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஈரல் பையோடு வந்தார். கூடத்தில் வெறும் மெத்தையைப் பார்த்து நின்றார்.

"தூக்கத்துலயே போயிடுச்சுக்கா. எரிக்கக் கிளினிக்ல குடுத்துட்டோம்" என்றேன்.

அவர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "அழாதீங்கம்மா. கஷ்டப்படாமப் போயிருக்கு, புண்ணியம் பண்ண உயிரு" என்று என் முதுகைத் தடவினார். அவர் தோளில் முகம் புதைத்து நான் அழுதேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புதன்கிழமை சாம்பலை வாங்கக் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அக்கா தானும் வருவேன் என்றார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண், அக்காவின் கண்ணீரைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னாள்: "கவலைப்படாதீங்க ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் ஊசிலயே தூங்கிருச்சு, வலியே தெரிஞ்சிருக்காது."

அக்கா அவளுக்கு நன்றி சொன்னார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் சாம்பல் பெட்டி அவர் மடியில் இருந்தது. நான்கைந்து நிறுத்தம் கடந்து கேட்டார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க வேணாம்னு சொன்னீங்களேக்கா. தடுப்பீங்கன்னு பயந்துட்டேன்."

"நீங்க முடிவு பண்ணத நான் என்னைக்கும்மா தடுத்திருக்கேன்?" குரல் உயரவேயில்லை. "கூப்பிட்டிருந்தா வந்து மடியில வச்சிருந்திருப்பேன். அது என்னயத் தேடியிருக்கும்."

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். "சரிம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் உலை வைத்தார்.

சில மாதங்களில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போகணும் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். பெட்டி கட்டும்போது, சாம்பலைக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டேன்.

"உங்க நாயாச்சேம்மா அது" என்றார் அக்கா, புடவையை மடித்தபடி.