விடியலுக்கு வைத்த பந்தயம்

ரோலர் ஸ்கீ என்பது பனிச்சறுக்கு மட்டையைக் குட்டையாக வெட்டி, இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த மாதிரி ஒரு சாமான். கையில் இரண்டு கோல்கள். பனி நாட்டுக்காரர்கள் கோடையில் பனி இல்லாதபோது இதில் தார்ச்சாலையில் பயிற்சி எடுப்பார்கள். எங்களுக்குத் துபாயில் வருடம் முழுக்கக் கோடைதான்.

பள்ளியிலிருந்து ஷாப்பிங் மாலின் பனிக்கூடத்துக்குக் கூட்டிப்போன அன்று மற்றவர்கள் சரிவில் இறங்க வரிசையில் நின்றார்கள். நான் கீழே சமதளத்தில் வழுக்கி வழுக்கி நடந்துகொண்டிருந்தேன். அதிலிருந்து பிடித்த பைத்தியம். கல்லூரி முடித்ததும் ஒருமுறை ஐரோப்பாவில் நிஜப் பனியில் போட்டியிட்டேன். எனக்குப் பின்னால் வந்தது தடத்தைச் சமன்செய்யும் வண்டி மட்டும்தான். திரும்பி வந்து கராமாவில் எங்கள் கட்டடத்து பார்க்கிங்கில் பழகும்போது பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், பயிற்சியாளர் ஆனேன். கிளப் தொடங்கியபோது, மெயில் எழுத யார் தயார் என்று கேட்டார்கள். என்னால் சும்மா இருக்க முடியுமா? செயலாளரும் ஆனேன்.

"பனியே இல்லாத ஊர்ல பனிச்சறுக்குக்குச் செயலாளர்," என்றார் அப்பா. "ஆபீசுக்கு ஹீட்டர் வேணுமான்னு கேட்டுக்கோ."

போன சனவரியில் எங்கள் முதல் பந்தயம். சர்வதேசப் பனிச்சறுக்குச் சங்கத்திலிருந்து பந்தயத்தை மேற்பார்வையிட ஒரு பார்வையாளர் அம்மா விமானம் ஏறி வந்திருந்தார். அவர் திருப்தியானால்தான் முடிவுகள் செல்லுபடியாகும். அது எங்களில் ஒருத்திக்கு உயிர்ப்பிரச்சினை. என்னிடம் முதலில் பழக வந்தவள், பதினைந்து வயது. ஐரோப்பாவில் நடக்கும் இளையோர் போட்டிக்குப் பெயர் கொடுக்க அங்கீகாரம் பெற்ற ஒரு பந்தயத்தையாவது அவள் முடித்திருக்க வேண்டும். அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. விசா கேன்சல், அடுத்த வாரம் குடும்பத்தோடு கோயம்புத்தூர். இந்தக் காலை விட்டால் வேறு காலை இல்லை.

ஊருக்கு வெளியே பாலைவனத்து சைக்கிள் தடத்தில், தொடக்கக் கோட்டில், வாயருகே விசிலை வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி.

நேரக் கணக்கு பார்க்க வந்த நண்பன் மதுரைக்காரன், சைட் என்ஜினியர். "செயலாளரம்மா, ஒரு சந்தேகம். சனவரில எந்த வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கு வச்சீங்க?"

வெளியே செய்வது எதுவானாலும் விடியலுக்கு முன் என்றுதான் இங்கே வளர்ந்தோம். மே மாதத்துப் பழக்கம் சனவரியிலும் கையோடு வந்துவிட்டது. சனவரி விடியலில் மூடுபனி இறங்கும் என்பது கமிட்டியில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, அவன் உட்பட. அனுமதி எட்டு மணி வரைதான், ஏழரைக்குள் தொடங்கினால்தான் முடிக்கலாம். பிறகு சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிடுவார்கள். தடத்தின் அலுவலகத்துக்கு போன் போட்டு இன்னும் அரை மணி கேட்டேன்.

"மாஃபி, சிஸ்டர். எட்டு மணி, கலாஸ்." கிடையாது, எட்டோடு சரி என்று அர்த்தம்.

வளைவில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தோம். கோட்டிலிருந்து அது தெரிந்தால்தான் தொடங்கலாம் என்பது விதி. பார்வையாளர் கரக் டீயைக் குடித்தபடி அமைதியாகச் சொன்னார்: "தொடங்குவது உங்கள் பொறுப்பு. கொடி தெரிகிறதா என்று உங்களைத்தான் கேட்பேன்."

ஏழரை நெருங்கிக்கொண்டிருந்தது. கொடி மங்கலாகத் தெரியும், உடனே மறையும்.

"அக்கா, இந்த வளைவுல கண்ண மூடிட்டே போவேன். ப்ராமிஸ்," என்றாள் என் முதல் மாணவி.

"அக்காவத் தொல்லை பண்ணாத கண்ணு," என்றார் அவள் அம்மா. ஆனால் அவர் கண்ணும் என் விசில் மேல்தான்.

அவள் போவாள். பயிற்சி கொடுத்த எனக்குத் தெரியாதா? கொடி இன்னொருமுறை தலைகாட்டியது. இந்தமுறை மறையவில்லை. மூச்சை இழுத்து விசிலை உதட்டில் வைத்தேன். அப்போது கொடிக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்து, தடம் திறப்பதற்குள் புகுந்துவிட்ட ஒரு சைக்கிள்காரர், விளக்கில்லாமல், நேர் எதிரே வந்தார். நான் ஒதுங்கிய பிறகுதான் அவர் மணி அடித்தார். உயரத்தில் இருந்த கொடி தெரிந்தது. தரையோடு கிடந்த மூடுபனிக்குள் ஒரு முழு ஆள் வந்தது தெரியவில்லை.

"கொடி தெரிகிறதா?" என்று கேட்டார் பார்வையாளர்.

"தெரிகிறது," என்றேன். "ஆனால் தொடங்க மாட்டேன்."

வேனில் சாமான் ஏற்றும்போது வெயில் வந்தது. கொடி பளிச்சென்று நின்றது. சைக்கிள்கள் சாரைசாரையாகப் போயின. அவள் ரோலர் ஸ்கீயைக் கழற்றாமலே ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். "அடுத்த வருடமும் வருகிறேன். உங்களை நம்பிப் பந்தயத்தைக் கொடுக்கலாம்," என்றார் பார்வையாளர். நல்ல செய்திதான். யாரிடம் போய்ச் சொல்ல?

ஊருக்குப் போகும் முன் அவள் கிளப்பின் ரோலர் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கு வந்தாள். நீயே வைத்துக்கொள் என்றேன்.

"கோயம்புத்தூர்ல எங்க ஓட்டுறது? பஸ்காரன் அடிச்சுத் தள்ளிருவான்." லிஃப்ட் பட்டனை அழுத்தினாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "விசிட் விசால வருவேன். ஒன்பதுக்கு வைங்க அக்கா."

ஸ்கீயை எடுத்துக்கொண்டுதான் போனாள். இந்த வருடப் பந்தயத்துக்கான அனுமதி விண்ணப்பத்தில் ஒன்பது என்றே எழுதி அனுப்பிவிட்டேன். அதற்குள் வெயில் ஏறிவிடுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.